நான் வெட்டிய நாலு வரி

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் மனைவியின் சித்தப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மேலே சிவப்புப் பழங்களின் படம், கீழே நீளமான கட்டுரை. கோஜி பெர்ரியின் அற்புதங்கள் என்று தலைப்பு. இரண்டாவது வரியிலேயே அது என் எழுத்து என்று தெரிந்துவிட்டது. 2011-இல் ஒரு நாளேட்டின் ஞாயிறு பதிப்பில் நான் எழுதியது. யாரோ தட்டச்சு செய்து, என் பெயரையும் விடாமல் போட்டு, ஊரெல்லாம் சுற்ற விட்டிருக்கிறார்கள். கூடவே சித்தப்பாவின் குரல்பதிவு: “மாப்பிள்ளை, இது நீங்க எழுதுனதுதானே? ஒரு வாரமா நானும் காய்ச்சிக் குடிக்கிறேன்.”

அவருக்குப் போன வருடம் இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். உடனே கூப்பிட்டேன். மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னேன். வார்ஃபரின். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து அது. கோஜித் தண்ணீரை அன்றே நிறுத்தச் சொல்லி, மறுநாள் காலை நானே அழைத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்வித்தேன். ரத்தம் உறையும் நேரம் சற்று ஏறியிருந்தது. ஆபத்தான எல்லைக்குப் போகவில்லை. வீடு திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினாலு வருடங்களாக எழுதாமல் தள்ளிப்போட்டதை இனியும் தள்ளிப்போட எனக்கு உரிமை இல்லை.

நான் ஈப்போவில் இடைநிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடம் வேதியியல் கற்பித்தவன். மாலை நேரங்களில் உணவையும் உடல்நலத்தையும் பற்றிப் பத்திரிகைக்கு எழுதினேன். நம்மவர்கள் ஆங்கிலத்தில் வரும் ஆய்வுகளைப் படிப்பதில்லை, அவற்றை எளிய தமிழில் சொல்ல ஒருவன் வேண்டும் என்று உண்மையாகவே நம்பித்தான் தொடங்கினேன். ஆனால் கடிதங்கள் வரத் தொடங்கின. கோயிலில், கல்யாண வீட்டில், “சார், உங்க பக்கத்தைத்தான் முதல்ல படிப்போம்” என்றார்கள். எந்தக் கட்டுரைக்கு அப்படிச் சொல்கிறார்கள் என்பதும் எனக்குச் சீக்கிரம் புரிந்தது. ஒரு காயையோ பழத்தையோ தூக்கிவைத்துப் பாராட்டினால் சொல்வார்கள். ‘ஆனால்’ என்ற சொல் அதிகம் வரும் கட்டுரைக்குச் சொல்லமாட்டார்கள். மெல்ல மெல்ல என் கட்டுரைகளில் அந்தச் சொல் குறைந்தது.

கோஜி எங்கள் ஊருக்குப் புதிய பொருள் இல்லை. ஈப்போவின் சீன மருந்துக் கடைகளில் சிவப்புப் பேரீச்சைக்குப் பக்கத்துக் கண்ணாடி ஜாடியில் எப்போதும் இருக்கும். காண்டனீஸ் பேசும் கடைக்காரர்கள் கெய் சீ என்பார்கள். சீனாவின் நிங்சியா பகுதியில், மஞ்சள் ஆற்றங்கரையில் உள்ள சோங்நிங் வட்டாரம்தான் இதற்குப் பேர்போன மண். கத்தரி, தக்காளி, மிளகாய், நம் மணத்தக்காளி எல்லாம் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பத்துச் செடி. காய்ந்த பழத்தைக் கோழி சூப்பில், கஞ்சியில், தேநீரில் போடுவது சீனர்களின் நெடுங்கால வழக்கம். 2000-க்குப் பிறகு மேற்கு நாடுகள் இதை சூப்பர் ஃபுட் என்று கொண்டாட ஆரம்பித்ததும், பக்கத்து வீட்டுக் குழம்பில் இத்தனை நாளாகக் கிடந்த பழம் பத்திரிகைச் செய்தி ஆனது.

அதற்குள் இருப்பவை மெய்யாகவே பேசத் தகுந்தவை. இதை நான் இன்றும் மாற்றிச் சொல்லமாட்டேன். அந்தச் சிவப்புக்குக் காரணம் ஸியாஸாந்தின் என்ற நிறமி. மக்காச்சோளத்தின் தாவரவியல் பெயரான ஸியா மேய்ஸில் இருந்துதான் அந்தப் பெயரே வந்தது. கோஜியில் அது டைபால்மிடேட் என்ற வடிவில், கொழுப்பு அமிலத்தோடு பிணைந்து, வேறு எந்த உணவிலும் எளிதில் காணமுடியாத அளவுக்குச் செறிந்திருக்கிறது. நம் விழித்திரையின் நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளிக்கு நிறம் கொடுப்பவற்றில் இதுவும் ஒன்று. கூர்மையான பார்வை அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. நீல ஒளி அங்கே அளவுக்கு மீறி விழாமல் இந்த நிறமி தாங்கிக்கொள்கிறது. நம் உடலால் இதை உண்டாக்க முடியாது, சாப்பிட்டுத்தான் பெற வேண்டும். இது தவிரக் காய்ந்த பழத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு நீரில் கரையும் பாலிசாக்கரைடுகள் உண்டு. சீன ஆய்வகங்கள் பல வருடங்களாக மொய்த்துக்கொண்டிருப்பது இவற்றைத்தான். வைட்டமின் சி-யோடு ஒரு குளுக்கோஸ் ஒட்டிக்கொண்ட அபூர்வமான சேர்மமும் உண்டு. ரூட்டின், குளோரோஜெனிக் அமிலம், பீட்டெய்ன் என்று பட்டியல் இன்னும் போகும்.

2011-இன் தொடக்கத்தில் ஓர் ஆய்வு வெளிவந்திருந்தது. 65 முதல் 70 வயதுள்ள 150 பேரில் ஒரு பகுதியினருக்கு, பாலோடு சேர்த்துத் தயாரித்த கோஜித் தூளைத் தினம் 13.7 கிராம் வீதம் 90 நாள் கொடுத்தார்கள். அவர்கள் ரத்தத்தில் ஸியாஸாந்தின் 26 சதவீதமும், ஆன்டி ஆக்ஸிடன்ட் திறன் 57 சதவீதமும் கூடியது. கொடுக்கப்படாதவர்களின் விழித்திரையில் முதுமையின் அடையாளங்கள் சற்றுக் கூடியிருந்தன. அந்த ஆய்வைப் படித்த உற்சாகத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

அங்கேயே நின்றிருந்தால் நல்ல கட்டுரையாக இருந்திருக்கும். நான் நிற்கவில்லை. இணையத்தில் அப்போது எங்கு பார்த்தாலும் இருந்த ஓர் எண்ணை எடுத்துக்கொண்டேன். ஓ.ஆர்.ஏ.சி. என்னும் அளவுகோலில் கோஜிக்கு நூறு கிராமுக்கு 25,300. அதை ஆப்பிளோடும் ஆரஞ்சோடும் ஒப்பிட்டு ஒரு பெட்டிச் செய்தி போட்டேன். சிச்சுவானில் 1933-இல் இறந்த லி சிங் யூன் என்ற மூலிகைக்காரர் 256 வயது வாழ்ந்தார், அவர் உணவில் கோஜி உண்டு என்ற கதையையும் எழுதினேன். அந்த வயதுக்கு எந்தச் சான்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ‘சொல்லப்படுகிறது’ என்று முடித்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைத்தேன். கடைசியில் ஒரு செய்முறை: இரண்டு கைப்பிடிப் பழத்தை நாலு கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, காலையும் மாலையும் ஒரு கிளாஸ். இந்த அளவை நான் எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. எழுதும்போது கைக்கு வந்ததை எழுதினேன்.

இப்போது நான் வெட்டியதைச் சொல்கிறேன்.

முதல் வரைவில் நாலு வரி இருந்தது. 2001-இல் ஒரு மருந்தியல் ஏட்டில் வந்த குறிப்பைப் படித்திருந்தேன். வார்ஃபரின் சாப்பிட்டுவந்த 61 வயதுச் சீனப் பெண்மணி ஒருவர், கோஜியைச் செறிவாகக் காய்ச்சித் தினம் மூன்று நாலு கிளாஸ் வீதம் நாலு நாள் குடித்திருக்கிறார். அதுவரை ஒழுங்காக இருந்த அவருடைய ஐ.என்.ஆர். 4.1-க்கு ஏறிவிட்டது. ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண். இயல்பான உடலில் அது ஒன்றை ஒட்டி இருக்கும். வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில், சிலருக்கு அதற்குச் சற்று மேலே, வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் ரத்தம் கசியத் தொடங்கும் ஆபத்து. அந்தப் பெண்மணி கோஜியை நிறுத்தியதும் எண் இறங்கிவிட்டது. இதைச் சுருக்கி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும் என்று நாலு வரியில் எழுதியிருந்தேன்.

படித்துப் பார்த்தபோது அந்த இடத்தில் கட்டுரை சோர்ந்து விழுவதாகத் தோன்றியது. ஒருவருக்கு நடந்ததுதானே, நம் வாசகரில் எத்தனை பேர் வார்ஃபரின் சாப்பிடுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெட்டினேன். ஆசிரியர் வெட்டச் சொல்லவில்லை. இடம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது. 256 வயதுக் கதைக்குப் பதினோரு வரி கொடுத்திருந்தேன்.

கட்டுரை நன்றாக ஓடியது. ஒரு கடைக்காரர் அதை நகலெடுத்துச் சுவரில் ஒட்டினார். ஒரு வியாபாரி எனக்கு இரண்டு டப்பா பழம் அனுப்பிவைத்தார். வாங்கிக்கொண்டேன்.

என் அத்தை தைப்பிங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்கு வார்ஃபரின். கீரை சாப்பிட்டால்கூட வாரா வாரம் ஒரே அளவு சாப்பிடுவார், அவ்வளவு கவனம். பள்ளிக்கூடம் நாலு வருடம்தான் போனவர், ஆனால் நாளேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். எழுபதைத் தொட்டதும் வலது கண்ணில் எழுத்துகள் நெளிய ஆரம்பித்தன. மஞ்சள் புள்ளி தேய்கிறது என்றார் கண் மருத்துவர். படிக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் அவருக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது.

அந்த மனுஷி என் கட்டுரையில் கண்ணைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தார். அதை அவருக்காகவே எழுதியதாக நினைத்துக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, எழுதியதே நான்தான். இரண்டு கைப்பிடி, நாலு கிளாஸ், பாதியாகச் சுண்ட. நான் எழுதியதை ஒரு துளி கூட்டாமல் குறைக்காமல் செய்தார்.

பதினோராவது நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அத்தை மகள் கூப்பிட்டாள். மூக்கிலிருந்து ரத்தம் ஒரு மணி நேரமாக நிற்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை நாற்காலியில் முன்னே குனிந்து உட்கார்ந்திருந்தார். மடியில் இருந்த துண்டு முழுக்க நனைந்திருந்தது. ஈறிலும் ரத்தம். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றியிருந்தது. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்றார். மருத்துவமனையில் ஐ.என்.ஆர். 7-ஐத் தாண்டியிருந்தது. உலோக வால்வு உள்ளவருக்கு ரத்தக் கசிவை நிறுத்துவதிலும் ஓர் ஆபத்து உண்டு என்று மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். அவசரப்பட்டு உறைய வைத்தால் வால்வின்மேலேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். இரு பக்கமும் பள்ளம் உள்ள வரப்பில் நடப்பதுபோல அவரை நாலு நாள் நடத்திக் கொண்டுவந்தார்கள்.

மூன்றாம் நாள் மருந்தாளுநர் ஒருவர் படுக்கை அருகே வந்தார். தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கையில் அத்தையின் வார்ஃபரின் புத்தகம்.

“அம்மா, புதுசா ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? வேற மருந்து, நாட்டு மருந்து?”

“மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கெய் சீ தண்ணி மட்டும் குடிச்சேன். அது பழந்தானே.”

அந்தப் பெண் பேனாவை நிறுத்தினார். “யாரும்மா குடிக்கச் சொன்னது?”

அத்தை என்னைப் பார்த்தார். நான் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரம் நின்றிருந்தேன்.

“பக்கத்து வீட்டு ஆன்ட்டி,” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ‘இல்லம்மா, எழுதியது நான்’ என்று சொல்ல மூன்று விநாடி போதும். அந்த மருந்தாளுநர் அதைக் குறித்துக்கொண்டிருப்பார். இது பத்திரிகையில் வந்தது, இன்னும் பலர் குடிக்கக்கூடும் என்று மற்ற நோயாளிகளிடமும் கேட்டிருப்பார். இந்த வட்டாரத்தில் வார்ஃபரின் சாப்பிடும் எத்தனை பேர் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் படித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் ஒரே வழியை நான் அந்தக் கட்டில் ஓரத்தில் அடைத்தேன்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி அத்தையோடு முப்பது வருடம் பழகியவர். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சும் தீபாவளிக்கு முறுக்கும் வேலிக்கு மேலாகக் கைமாறும். அத்தை மகள் மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே அவர் வீட்டு வாசலில் நின்று கடுமையாகப் பேசிவிட்டாள். அந்த ஆன்ட்டிக்கு எதற்காகத் தன்னைத் திட்டுகிறார்கள் என்றே முதலில் விளங்கவில்லையாம். அதன் பிறகு வேலிப் பக்கம் அவர் வரவில்லை. அத்தையோ என்னைக் காட்டிக் கொடுக்கவும் மனம் வராமல், தோழியிடம் போய்ச் சமாதானம் சொல்லவும் முடியாமல் தவித்தார். 2019-இல் அத்தை காலமானார். அது வேறு நோய். அந்தக் கடைசி எட்டு வருடம் அவர் அந்தச் சிநேகிதியை இழந்திருந்தது என்னால்.

அத்தை மருத்துவமனையில் இருந்த அந்த வாரம் ஞாயிறு பதிப்புக்கு நான் மாதுளையைப் பற்றி எழுதினேன். திருத்தம் கேட்டால் ஆசிரியர் நிச்சயம் போட்டிருப்பார். நான் கேட்கவில்லை.

செய்த தவறு அந்த நாலு வரியோடு முடிந்துவிடவில்லை. ஓ.ஆர்.ஏ.சி. எண்ணைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும். வேதியியல் படித்தவன் என்ற முறையில் அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒளிரும் சாயம் ஒன்றை எடுத்து, அதை அழிக்கும் ஃப்ரீ ராடிக்கல்களை அதில் விட்டு, பழச்சாறு எவ்வளவு நேரம் அந்த ஒளியைக் காப்பாற்றுகிறது என்று குழாயில் அளப்பது. அவ்வளவுதான். அந்தச் சாறு குடலைக் கடந்து, கல்லீரலைத் தாண்டி, ரத்தத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அந்த எண் சொல்லாது. அமெரிக்க வேளாண்மைத் துறை உணவுகளுக்கான ஓ.ஆர்.ஏ.சி. அட்டவணையைத் தன் தளத்தில் வைத்திருந்தது. 2012-இல் எடுத்துவிட்டது. வியாபாரிகள் அந்த எண்களைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதும், குழாயில் காணும் திறன் மனித உடலில் அப்படியே நடப்பதில்லை என்பதும்தான் காரணம். பழம் சாப்பிட்டதும் ரத்தத்தின் ஆன்டி ஆக்ஸிடன்ட் திறன் ஏறுவதில்கூடப் பெரும் பங்கு பழத்தின் பாலிஃபீனால்களுக்கு இல்லை. பழச் சர்க்கரை கல்லீரலில் உண்டாக்கும் யூரிக் அமிலத்துக்குத்தான் என்று ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். இந்த ஆப்பிள் ஆய்வு நான் எழுதுவதற்கு முன்பே வெளிவந்திருந்தது. நான் தேடிய திசை வேறு.

அதைவிடப் பழைய பாடம் ஒன்றும் இருந்தது. காரட்டின் பீட்டா கரோட்டினும் ஓர் ஆன்டி ஆக்ஸிடன்ட். புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் சோதனை நடத்தினார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. அமெரிக்காவில் அதேபோன்ற சோதனையில் 28 சதவீதம் கூடுதலானதும், 1996-இல் குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள். உணவாக உண்ணும்போது நல்லது செய்த பொருள், மாத்திரையாகச் செறிவாக்கிக் கொடுத்தபோது வேறு முகம் காட்டியது. இந்தச் சோதனைகளை நான் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கட்டுரை எழுதும் மேசையில் மறந்தேன்.

அத்தை குடித்த வார்ஃபரின்கூட ஒரு செடியின் வம்சம்தான். வட அமெரிக்காவில் 1920-களில், பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. 1933 பிப்ரவரியில் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, பனிப்புயலில் வண்டி ஓட்டிக்கொண்டு, செத்த மாட்டையும் உறையாத ரத்தம் நிரம்பிய பால் கேனையும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளர் ஆண்டுக்கணக்கில் உழைத்து, செடியின் கூமரினைப் பூஞ்சை எப்படி மாற்றிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதி பெற்றது. அளவு தெரிந்து கொடுத்தால் உயிர் காக்கும், தெரியாமல் கொடுத்தால் எடுக்கும். இயற்கையானது, ஆகவே தீங்கில்லை என்று என் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்தவரின் உயிரே தாவர வம்சத்தில் வந்த ஒரு மருந்தின் மில்லிகிராம் கணக்கில் நின்றுகொண்டிருந்தது.

கோஜி வார்ஃபரினோடு சேரும்போது என்ன செய்கிறது என்பதைக் கல்லீரல் நொதிகளை வைத்து ஆராய்ந்தார்கள். வார்ஃபரினை உடைக்கும் நொதியை அது தடுப்பது உண்மை, ஆனால் அந்தத் தடுப்பு வலுவற்றது, வேறு காரணமும் இருக்கலாம் என்று 2001-இல் எழுதியவர்களே சொன்னார்கள். 2012-இல் கோஜிச் சாறு குடித்த 71 வயதுப் பெண்ணுக்கு மூக்கிலும் மலக்குடலிலும் ரத்தம் வந்ததை இன்னொரு மருந்தியல் ஏடு பதிவு செய்தது. அதைப் படித்தபோது என் அத்தையைப் பற்றியே யாரோ எழுதிவிட்டதுபோல இருந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பழத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். அது குற்றவாளி இல்லை. 2021-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 45 முதல் 65 வயதுள்ள நலமானவர்களுக்கு 28 கிராம் கோஜியை வாரம் ஐந்து முறை வீதம் 90 நாள் கொடுத்ததில், விழித்திரையின் நிறமி அடர்த்தி கூடியது. மொத்தமே 27 பேர், அதில் கோஜி சாப்பிட்டவர் 13 பேர். நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் சிறியது. ஸியாஸாந்தின் கொழுப்பில் கரைவது. சூடான பாலில் அரைத்துக் கலந்தபோது உடல் எடுத்துக்கொள்வது தண்ணீரில் கலந்ததைவிட மூன்று மடங்கு என்று 2006-இலேயே ஹாங்காங்கில் கண்டிருந்தார்கள். நானோ தண்ணீரில் காய்ச்சிப் பழத்தை வடிகட்டி எறியச் சொன்னேன். கண்ணுக்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்தச் சக்கையோடு குப்பைக்குப் போனது. கண்ணுக்கென்று நான் சொன்ன வழி அத்தையின் கண்ணுக்கும் பயன்படவில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டு ஆன்ட்டியைத் தேடிப் போனேன். கோலாலம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார், எண்பத்திரண்டு வயது. மலாயில்தான் பேசிக்கொண்டோம். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கட்டுரை, கட்டில் ஓரம், என் மௌனம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“எவ்வளவு போடச் சொன்னாய்?”

இரண்டு கைப்பிடி என்றேன். அவர் வலது கையை நீட்டி, மூன்று விரலைக் குவித்துக் காட்டினார். சூப்புக்கு அவ்வளவுதான் போடுவாராம், அதுவும் அடுப்பை அணைக்கும் நேரத்தில். மருந்தாக இருந்தால் கடையில் உட்கார்ந்திருக்கும் வைத்தியர் தராசில் நிறுத்துத் தருவார், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்றும் கேட்பார் என்றார். வீட்டுக்கு வந்து சீன மருந்துத் தொகுப்பு நூலின் அளவைப் பார்த்தேன். நாளுக்கு 6 முதல் 12 கிராம். என் கையால் இரண்டு பிடி அள்ளித் தராசில் வைத்தேன். 58 கிராம்.

2011-இல் அந்தக் கட்டுரையைப் படித்தவர்களுக்கும், இப்போது கைப்பேசியில் பெற்றவர்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால் கோஜியைப் பழமாகவோ, சாறாகவோ, காய்ச்சிய தண்ணீராகவோ எடுக்காதீர்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், இன்றே உங்கள் கிளினிக்குக்குப் போய் விஷயத்தைச் சொல்லி ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லுங்கள். மருந்தாளுநர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கும்போது பழத்தையும் கஷாயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். யார் சொல்லிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். அந்தக் கட்டுரையை உங்களுக்கு அனுப்பியவருக்கு இதை அனுப்பிவைத்துவிட்டு, அதை அழித்துவிடுங்கள்.